தள்ளுவது யார்?

லூப் ஹீட் பைப்பை ப்ராஜெக்டாக எடுத்திருக்கும் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்களுக்கு,

போன பருவத்தில் ஒரு கல்லூரிக்கு வைவா எடுக்க எக்ஸ்டர்னலாகப் போயிருந்தேன். கடைசி மேசையில் மூன்று பேர் நின்றார்கள். செம்புக் குழாயை வளைத்து ஒரு வளையம் செய்திருந்தார்கள். ஒரு பக்கம் ஹீட்டர் சுற்றிய உருளை, எதிர்ப்பக்கம் ஐஸ்கட்டி மிதக்கும் பிளாஸ்டிக் டப்பா. பின்சுவரில் ஒட்டிய சார்ட்டில் ‘பம்ப் இல்லை! செலவு இல்லை! தானாக இயங்கும்!’ என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. ஹீட்டர் ஒயர் பிளக்கில் செருகியிருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

“உள்ளே இருக்கிற தண்ணீரைத் தள்ளுவது யார்?” என்று கேட்டேன்.

ஒரு பையன் “வேக்கம் சார்” என்றான். இன்னொருவன் “டென்சிட்டி டிஃபரன்ஸ்” என்றான். மூன்றாவதாக நின்ற பெண் கொஞ்சம் யோசித்து, “கேப்பிலரி சார்” என்றாள். எனக்குச் சந்தோஷம். “எங்கே இருக்கு அது? தொட்டுக் காட்டு” என்றேன். அவள் விரலை நீட்டி, வளையம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள்.

மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த விரல் சுற்றியதை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வேறு இரண்டு கல்லூரிகளிலும் அதே சார்ட்டை வேறு வேறு கலரில் பார்த்துவிட்டதால் இந்த மடல். நான் இந்தச் சாமானோடு பல வருடம் மல்லுக்கட்டியவன். ‘தானாக இயங்கும்’ என்ற இரண்டு சொற்களில் அதன் அழகு முழுக்கத் தொலைந்துபோகிறது என்பதுதான் என் வருத்தம். இப்படிப் பம்ப் இல்லாத சாதனத்தைக் குறிக்கும் பாஸிவ் என்ற சொல்லைச் சிலர் ‘செயலற்ற’ என்று தமிழில் எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். அந்த உருளைக்குள் ஒரு நொடிகூட எதுவும் சும்மா இருப்பதில்லை.

எதற்காக இந்தப் பாடு என்பதற்கு முதலில் ஒரு கணக்கு. ஒரு விண்கலத்தில் மின்னணுப் பெட்டி ஒன்று 100 வாட் வெப்பத்தைக் கக்குகிறது. அங்கே காற்று கிடையாது. ஃபேன் வைத்துப் பயனில்லை. வெப்பத்தை 2 மீட்டர் தள்ளியிருக்கும் ரேடியேட்டர் பலகைக்குக் கொண்டுபோனால்தான் அது அங்கிருந்து வெளிக்குக் கதிர்வீசிப் போகும். வழியில் 10 டிகிரிக்கு மேல் வெப்பநிலை விழக் கூடாது. செம்புக் கம்பியாலேயே கொண்டுபோகலாமே என்றால், கடத்துத்திறன் 400 என்று போட்டுப் பாருங்கள். குறுக்குப் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் வரும். கம்பி இல்லை அது, பக்கத்துக்கு 22 சென்டிமீட்டர் உள்ள தூண். எடை கிட்டத்தட்ட 900 கிலோ.

அதே வேலையை அமோனியாவிடம் கொடுங்கள். அறை வெப்பநிலையில் ஒரு கிலோ அமோனியா ஆவியாக ஏறத்தாழ 1,190 கிலோஜூல் விழுங்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் நீர்மமாகும்போது அத்தனையையும் திருப்பிக் கொடுக்கும். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது ஆவி அடித்துக் கை வெந்துபோகிறதே, அந்தத் திருப்பிக்கொடுத்தல்தான். 100 வாட்டைச் சுமக்க வினாடிக்கு 84 மில்லிகிராம் அமோனியா போதும். ஒரு டீஸ்பூன் நீர்மம் கடந்துபோக அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அது வினாடிக்கு நாலைந்து சென்டிமீட்டர் நகர்கிறது. அவசரமாக ஓடும் எறும்பின் வேகம். 900 கிலோ தூணுக்கு மாற்று இதுதான்.

நீர்மம் ஆவியாகிப் போவது புரிகிறது. திரும்பி வருவது எப்படி? கேள்வி எப்போதும் அங்கேதான்.

சாதாரண ஹீட் பைப்பில் குழாயின் உள்சுவர் முழுக்கத் திரி பதித்திருக்கும். 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸின் காக்லர் குளிர்பதனப் பெட்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். அது தூங்கிவிட்டது. 1963-இல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் மறுபடி கண்டுபிடித்து, ஹீட் பைப் என்ற பெயரையும் வைத்தார். உங்கள் லேப்டாப்புக்குள் தட்டையாகக் கிடப்பது அதன் வாரிசு. அதில் ஒரு சங்கடம் உண்டு. திரியின் துளை சிறிதாகச் சிறிதாக இழுவிசை கூடும். ஆனால் நீர்மம் நுழைந்து போவதற்கான தடையும் கூடும், அதுவும் வேறு வேகத்தில். துளையின் ஆரத்தைப் பாதியாக்கினால் இழுவை இரண்டு மடங்கு ஆகும், ஊடுருவும் தன்மையோ நாலில் ஒன்றாகிவிடும். ஒரு மீட்டர் நீளத்துக்கும் திரிக்குள்ளேயே நீர்மம் தவழ்ந்து வர வேண்டுமென்றால் மிக நுண்ணிய துளை வைக்க முடியாது. பெரிய துளை வைத்தால் இழுவை போதாது. விண்கலங்களில் போடும் உள்வரி வெட்டிய அலுமினிய ஹீட் பைப்பைத் தரையில் சோதிக்கும்போது, சூடாகும் முனை சில மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால்கூடத் திணறிவிடும். ரசமட்டம் வைத்து, அடியில் காகிதம் செருகிச் சரிசெய்வோம்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஸ்வெர்த்லோவ்ஸ்க் என்று அன்று பெயர்கொண்ட, இன்று எகாத்தெரின்பர்க் ஆகிவிட்ட ஊரில். 1972-இல் யூரால் பாலிடெக்னிக் நிறுவனத்தைச் சேர்ந்த கெராசிமோவும் மைதானிக்கும் 1.2 மீட்டர் நீளமுள்ள ஒரு வளையத்தைச் செய்து இயக்கினார்கள். உள்ளே தண்ணீர். ஏறத்தாழ ஒரு கிலோவாட்டைச் சுமந்தது. அவர்கள் செய்ததைச் சொன்னால் அற்பமாகத் தோன்றும். திரியைக் குழாய் முழுவதும் போடாமல், வெப்பம் நுழையும் உருளைக்குள் மட்டும் போட்டார்கள். ஆவி போக ஒரு வெறுங்குழாய், நீர்மம் திரும்ப ஒரு வெறுங்குழாய். நீர்மம் திரிக்குள் கடக்க வேண்டிய தூரம் மீட்டர் கணக்கிலிருந்து சில மில்லிமீட்டர் கனமாகச் சுருங்கிவிட்டது. அவ்வளவு குறுகிய தூரத்துக்குத் தடை எவ்வளவு இருந்தாலும் தாங்கலாம். எனவே துளையை ஒரு மைக்ரான் வரைக்கும் குறுக்கலாம். ஆரம்பத்தில் இதை ‘ஈர்ப்பை எதிர்க்கும் ஹீட் பைப்’ என்றே அழைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். லூப் என்ற பெயர் வடிவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. உங்கள் தோழியின் விரல் வளையத்தைச் சுற்றியதற்குப் பெயர்கூட ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த உருளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெளியே உலோக ஓடு. உள்ளே நிக்கல் அல்லது டைட்டானியம் தூளை அழுத்திச் சுட்டெடுத்த திரி. பார்வைக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த சாக்பீஸ் மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் கனம் குறைவாகத் தெரியும், பாதிக்கு மேல் வெறுந்துளை அல்லவா. நடுவில் நீளவாக்கில் ஓட்டை. வெளிப்பரப்பில் உலோக ஓடு தொடும் இடங்களுக்கு நடுவே நீள நீளப் பள்ளங்கள். நீர்மம் நடு ஓட்டைக்குள் வந்து, திரியின் கனத்தைக் கடந்து வெளிப்பரப்புக்கு வருகிறது. ஓட்டின் வழியாக வந்த வெப்பம் அங்கே அதை ஆவியாக்குகிறது. ஆவி பள்ளங்களில் சேர்ந்து குழாய்க்குள் போகிறது.

இப்போது இதைக் கேளுங்கள். பள்ளத்தில் இருக்கும் ஆவிக்கு அழுத்தம் அதிகம். நடு ஓட்டையில் குறைவு. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் திரிதான். ஆவிக்குப் பக்கத்து வழி திரிக்குள் புகுந்து நேரே உள்ளே போவதுதானே? ஏன் நாலு மீட்டர் சுற்றிக்கொண்டு போகிறது? ஒவ்வொரு துளையின் வாயிலும் நீர்மம் குழிந்த பிறை போல நின்று மறிக்கிறது. பரப்பு இழுவிசையை விட்டால் வேறு காவலாள் இல்லை. ஆவியால் அந்தப் பிறையை உடைக்க முடியாதவரை அது ஊரைச் சுற்றித்தான் ஆக வேண்டும்; சுற்றும்போது முன்னால் இருக்கும் நீர்மத்தைத் தள்ளிக்கொண்டே போகிறது. தள்ளுவது யார் என்று நான் கேட்டதற்குப் பதில் இந்த இடம். பம்ப் இல்லை என்று எழுதினீர்களே, பம்ப், நான்-ரிட்டர்ன் வால்வு, வெப்பத் தடுப்பு மூன்றும் அந்தச் சாக்பீஸ்தான்.

அந்தப் பிறை எவ்வளவு தாங்கும்? இரண்டு மடங்கு பரப்பு இழுவிசையைத் துளையின் ஆரத்தால் வகுங்கள். 20 டிகிரியில் அமோனியாவுக்கு மீட்டருக்கு 0.0213 நியூட்டன். ஆரம் ஒரு மைக்ரான் என்றால் 42,600 பாஸ்கல். காற்றழுத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. நீர்ம அமோனியாவை 7 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும்.

இதில் என் கை சுட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் வந்திறங்கிய திரிகளைக் குமிழிச் சோதனை செய்வோம். திரியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, அதற்குள் மூழ்கியபடியே வைத்து, நடு ஓட்டைக்குள் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முதல் குமிழி எந்த அழுத்தத்தில் எட்டிப்பார்க்கிறதோ அதிலிருந்து மிகப் பெரிய துளையின் ஆரம் தெரிந்துவிடும். ஆல்கஹாலின் பரப்பு இழுவிசையும் அமோனியாவின் பரப்பு இழுவிசையும் ஏறக்குறைய ஒன்று என்பது எங்கள் அதிர்ஷ்டம். தனித்திரியாக இருந்தபோது 40 கிலோபாஸ்கல் வரைக்கும் மூச்சுக் காட்டாத ஒரு திரி, உருளைக்குள் பொருத்திய பிறகு 6 கிலோபாஸ்கலிலேயே குமிழி விட்டது. திரியின் உடம்பிலிருந்து வரவில்லை. முனையில், திரியும் உலோக வளையமும் சேரும் விளிம்பில், ஒரே இடத்திலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஏறின. கணக்குப் போட்டால் 7 மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு. கோடிக்கணக்கான துளைகள் ஒழுங்காக இருந்து என்ன, ஆவிக்கு ஒரு சந்து போதும். பொருத்தியது நான்தான்.

அடுத்தது, அந்த உருளையோடு ஒட்டியிருக்கும் சிறு அறை. ஆங்கிலத்தில் காம்பன்சேஷன் சேம்பர் என்கிறார்கள். ஈடுகட்டும் அறை என்று வைத்துக்கொள்வோம். உங்களில் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு லீக்கானால் என்ன ஆகும்? குழாயில் தண்ணீர் இறங்கிவிடும், மோட்டார் ஏர் வாங்கிவிடும், சத்தம் மட்டும் வரும், தண்ணீர் வராது. குடம் குடமாக ஊற்றிப் பிடிக்க வைக்க வேண்டும். 1966-இல் நாசாவின் லூயிஸ் ஆய்வகத்தில் ஸ்டெங்கர் முன்வைத்த நுண்புழை வளையம் என்ற ஒன்றுவிட்ட அண்ணனுக்கு இந்தத் தொல்லை உண்டு. அதன் நீர்மத் தொட்டி தனியாக, தூரத்தில் இருக்கும். ஓட்டத் தொடங்கும் முன் சூடேற்றி நீர்மத்தைத் தள்ளித் திரியை நனைத்தாக வேண்டும். சோவியத்காரர்கள் அந்தத் தொட்டியை ஈடுகட்டும் அறையாகத் திரியோடேயே ஒட்டவைத்து, நடுவில் இன்னொரு பெருந்துளைத் திரியால் இணைத்துவிட்டார்கள். விண்கலம் தலைகீழாகக் கிடந்தாலும் முதன்மைத் திரிக்கு ஈரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை போயிற்று.

இனி செலவுக் கணக்குக்கு வருகிறேன். சார்ட்டில் ‘செலவு இல்லை’ என்று எழுதியவர் கவனிக்கவும்.

நான் மேலே சொன்ன 100 வாட் அமோனியா வளையத்தில் ஆவிக்குழாயிலும் நீர்மக்குழாயிலும் விழும் அழுத்தம் மீட்டருக்குச் சில பத்துப் பாஸ்கல்தான். கையிருப்பு 42,600. மிதமிஞ்சிய வசதி. ஆனால் தரையில் சோதிக்கும்போது அந்த உருளையை, அதாவது ஆவியாக்கியை, ஆவி நீர்மமாகும் கண்டென்சருக்கு 2 மீட்டர் மேலே வைத்துப் பாருங்கள். நீர்மத்தைத் தூக்க மட்டுமே 12,000 பாஸ்கல் போய்விடும். எல்லாச் செலவையும் கூட்டி 42,600-க்குள் நிற்க வேண்டும் என்பது முதல் விதி. இதை உங்கள் ரிப்போர்ட்களில் பார்த்திருக்கிறேன், சரியாகத்தான் போடுகிறீர்கள்.

இரண்டாவது விதியை இதுவரை ஒரு ரிப்போர்ட்டிலும் பார்க்கவில்லை. திரிக்கு வெளியே பள்ளத்தில் ஆவி. உள்ளே ஈடுகட்டும் அறையிலும் கொஞ்சம் ஆவி. இரண்டும் தத்தம் வெப்பநிலைக்கு உரிய தெவிட்டிய அழுத்தத்தில் இருக்கின்றன. பள்ளத்தில் அழுத்தம் 12,000 பாஸ்கல் கூடுதலாக இருக்க வேண்டுமென்றால் அங்கே வெப்பநிலையும் அதற்கேற்ப கூடியிருந்தே ஆக வேண்டும். திரியின் இரு பக்கமும் ஒரே சூட்டில் இருந்தால் வளையம் ஓடாது. எத்தனை டிகிரி வேண்டும் என்பது நீர்மத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் அமோனியாவின் ஆவி அழுத்தம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 27,000 பாஸ்கல் ஏறுகிறது. அரை டிகிரிக்கும் குறைவான வித்தியாசத்தில் காரியம் முடிந்துவிடும். உங்களுடையது தண்ணீர். 60 டிகிரியில் தண்ணீருக்கு அது ஒரு டிகிரிக்கு 900 சொச்சம் பாஸ்கல்தான். ஆவியாக்கியை அரை மீட்டர் உயர்த்தினால் 4,800 பாஸ்கல். ஐந்து டிகிரிக்கு மேல் வேண்டும். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடமாட்டான். இந்த வளையம் நக்குவது அந்த அரை டிகிரி, அந்த ஐந்து டிகிரி. ஓட்டத்தை நடத்துவது அந்தக் காசில்தான். தூக்கும் வேலை என்று பார்த்தால் 84 மில்லிகிராமை வினாடிக்கு 2 மீட்டர் ஏற்ற இரண்டு மில்லிவாட்கூட வேண்டாம்; 100 வாட்டில் அது தூசு. கூலி குறைவு என்பதால் கூலியே இல்லை என்றாகிவிடாது.

அந்த வித்தியாசத்தைக் கெடுக்கும் உள்பகை ஒன்று இருக்கிறது: வெப்பக் கசிவு. திரி உலோகம். வெளிப்பக்கச் சூடு கொஞ்சம் அதன் வழியே ஈடுகட்டும் அறைக்குக் கசியும். திட நிக்கல் கடத்தும் அளவில் டைட்டானியம் நாலில் ஒரு பங்குதான் கடத்தும். டைட்டானியத்தின்மேல் இத்தனை ஆசை அதனால்தான். கசிந்து வந்த சூட்டை, கண்டென்சரிலிருந்து குளிர்ந்து திரும்பும் நீர்மம் ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதிலிருந்துதான் மாணவர்களைக் குழப்பி அழவைக்கும் அந்த வளைவரை பிறக்கிறது. வெப்பத்தைக் கூட்டக் கூட்ட ஆவியாக்கியின் வெப்பநிலை ஏறும் என்றுதானே நினைப்போம்? லூப் ஹீட் பைப்பில், சுற்றுப்புறம் கண்டென்சரைவிடச் சூடாக இருந்தால், சிறிய வெப்பச் சுமையில் வெப்பநிலை உயர்ந்து நிற்கும். சுமையைக் கூட்டினால் இறங்கும். இன்னும் கூட்டினால் ஒரு புள்ளியில் நின்று, பிறகுதான் ஏறும். சுமை குறைவாக இருக்கும்போது நீர்மம் மெதுவாக வருகிறது. வரும் வழியெல்லாம் சுற்றுப்புறச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஈடுகட்டும் அறைக்கு வந்து சேரும்போது அதனிடம் குளிர்ச்சி மிச்சமில்லை. கசிவை ஆற்ற ஆளில்லாமல் அறை சூடேற, அதோடு சேர்ந்து வளையம் முழுக்க மேலே ஏறுகிறது. சுமை கூடினால் ஓட்டம் கூடும், குளிர்ந்த நீர்மம் சூடாக நேரமில்லாமல் வந்து சேரும். ஒரு குழு இந்த வளைவரையைப் பார்த்துவிட்டுத் தெர்மோகப்பிள் கெட்டுப்போச்சு என்று முதல் நாலு புள்ளிகளை அழித்துவிட்டது. அந்த நாலு புள்ளிகள்தான் அவர்கள் செய்ததிலேயே நல்ல வேலை.

வளையத்தின் வெப்பநிலையை ஆள்வது ஈடுகட்டும் அறை என்று தெரிந்துவிட்டால் அதை வைத்தே விளையாடலாம். அதில் ஒரு சின்ன ஹீட்டர் ஒட்டினால் போதும். சில வாட்டில் நூற்றுக்கணக்கான வாட் வளையத்தை விரும்பிய வெப்பநிலையில் நிறுத்தலாம், வேண்டாதபோது அணைத்தும் வைக்கலாம். நாசாவின் செயற்கைக்கோள்களில் ஐஸ்சாட் 2003-இலும், ஆரா, ஸ்விஃப்ட் இரண்டும் 2004-இலும் லூப் ஹீட் பைப்புகளோடு மேலே போயின. ஐஸ்சாட்டில் உள்ளே இருந்த நீர்மம் புரோப்பிலீன். அமோனியா மைனஸ் 78 டிகிரியில் உறைந்துவிடும்; புரோப்பிலீன் மைனஸ் 185 வரை தாங்கும். ரேடியேட்டர் எவ்வளவு குளிரப்போகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஓடாமல் போனால்? கோஸ்-17 கதையைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. அமெரிக்காவின் வானிலைச் செயற்கைக்கோள். 2018 மார்ச் 1 அன்று ஏவினார்கள். அதன் முக்கியக் கண் ஏபிஐ என்ற படக்கருவி, 16 அலைவரிசைகள். அகச்சிவப்பில் பார்க்கும் உணரிகள் மிகக் கடுங்குளிரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்முடைய சொந்தச் சூட்டின் ஒளியிலேயே குருடாகிவிடும். கருவி கக்கும் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் பொறுப்பு லூப் ஹீட் பைப்பிடம் இருந்தது. மேலே போய்ச் சோதித்தபோது வெப்பம் போய்ச் சேரவில்லை. மே மாதம் அறிவித்தார்கள்: 13 அலைவரிசைகளில், நாளின் ஒரு பகுதி நேரம் படம் கெடுகிறது. செயற்கைக்கோளின் இரவில் சூரியன் கருவியின் வாய்க்குள் நேராக அடிக்கும் காலத்தில், அதாவது சம இரவு நாள்களுக்கு முன்னும் பின்னும், மிகவும் மோசம்.

36,000 கிலோமீட்டர் உயரத்தில் கழற்றிப் பார்க்க ஆளில்லை. விசாரணைக் குழு பின்னர் சொன்னது: குழாய்க்குள் எங்கோ வெளித்துகள் அடைத்து ஓட்டத்தைத் தடுத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஏதோ துகள். இத்தனை பெரிய கருவியைச் சாய்த்தது அது. நான் அந்த அறிக்கைச் செய்தியைப் படித்தபோது 7 மைக்ரான் சந்திலிருந்து ஏறிய ஊசிமுனைக் குமிழிகள் கண்முன்னால் வந்துபோயின. தரையிலிருந்த பொறியாளர்கள் உணரிகளின் வெப்பநிலையையும் அளவீட்டு முறைகளையும் மாற்றி மாற்றிப் பெரும்பாலான தரவுகளை மீட்டுவிட்டார்கள். அது தனிப் பாராட்டுக்குரிய வேலை. அடுத்து வந்த கலங்களுக்குக் குப்பை சிக்கக்கூடிய வடிகட்டிகளை எடுத்துவிட்டு எளிய அமைப்புக்கு மாறினார்கள். கவனித்தீர்களா, குப்பையைப் பிடிக்க வைத்த வடிகட்டியே குப்பை சிக்கும் இடமாகிவிடலாம். 2022 மார்ச்சில் ஏவிய கோஸ்-18, 2023 ஜனவரி 4 முதல் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

அசையும் உறுப்பு இல்லாததால் கெட்டுப்போகாது என்று இன்னொரு சார்ட்டில் எழுதியிருந்தது. பம்ப் இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாக முடுக்கி அடைப்பைத் தள்ளிப் பார்க்கலாம். இதில் முடுக்க எதுவும் கையில் இல்லை. சரிசெய்யும் சந்தர்ப்பம் முழுவதும் மூடி வெல்டு வைப்பதற்கு முன்னால்தான்.

ஆகவே உங்கள் மேசைக்கு வருகிறேன். உருளை அலுமினியம், உள்ளே தண்ணீர் என்று தயவுசெய்து செய்யாதீர்கள். கடையில் மலிவு என்று ஒரு குழு செய்தது. இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், அது ஈடுகட்டும் அறையில் போய் உட்கார்ந்துகொண்டு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். தண்ணீருக்குச் செம்பு, அமோனியாவுக்கு அலுமினியம் அல்லது ஸ்டீல். அமோனியாவைக் கல்லூரியில் தொடவே வேண்டாம். தண்ணீரை ஊற்றுமுன் நன்றாகக் கொதிக்கவைத்துக் கரைந்த காற்றை விரட்டுங்கள். வேக்கம் பம்ப்பை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட விடுங்கள். குழாய் வெட்டிய பிசிர்களை அரம் போட்டுவிட்டு, அசிட்டோனால் கழுவி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். துணியில் செம்புத்தூள் மின்னினால் மறுபடி கழுவுங்கள்.

நான் பார்த்த அந்த வளையம் ஓடியதா என்று கேட்பீர்கள். ஓடியது, ஆனால் வேறு காரணத்தால். அவர்கள் ஆவியாக்கியைக் கீழேயும் ஐஸ் டப்பாவை மேலேயும் வைத்திருந்தார்கள். குளிர்ந்த தண்ணீர் தன் கனத்தால் தானே இறங்கி வந்தது. திரிக்கு வேலையே இல்லை. ‘டென்சிட்டி டிஃபரன்ஸ்’ என்று சொன்ன பையன் தன் மேசையைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண்ணிடம் கிளம்பும்போது, ஐஸ் டப்பாவைக் கீழே இறக்கி வைத்து ஒருமுறை ஓட்டிப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் 10 சென்டிமீட்டர், பிறகு 20. ஹீட்டரைப் போட்டதும் ஓடவில்லை என்று உடனே வாட்டைக் கூட்டிவிடாதீர்கள். ஈடுகட்டும் அறைமேல் ஒரு தெர்மோகப்பிள், ஆவிக்குழாய் தொடங்கும் இடத்தில் ஒன்று, இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் எழுதிக்கொண்டு காத்திருங்கள். இரண்டும் ஒன்றாகவே ஏறிக்கொண்டிருந்தால் கசிவு ஜெயிக்கிறது. அறையைச் சுற்றி ஈரத்துணி போட்டுப் பாருங்கள். ஆவிக்குழாய் ஏறி, அறை திடீரென்று இரண்டு மூன்று டிகிரி சரிந்தால், நீர்மக்குழாயைக் கையால் தொடுங்கள். ஜில்லென்று இருக்கும்.

அன்புடன்,
உங்கள் எக்ஸ்டர்னல்